புதுவையில் ஒரு மார்கழிக் காலை

"புதுச்சேரியில் என்ன குளிர் கொட்டிக் கிடக்கிறது, கொடைக்கானலா அது?" என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், போன மார்கழி வரைக்கும்.

என் பெண்ணை முத்தியால்பேட்டையில் கொடுத்திருக்கிறேன். பேத்திக்கு ஐந்து மாதம். அவளுடைய முதல் பொங்கல் எங்கள் வீட்டில் என்று பேச்சு. மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. "நானே காரில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்" என்று சொல்லிவிட்டேனே தவிர, உள்ளூர உதறல்தான். அவர் இருந்தவரை நான் பக்கத்து ஸீட்காரி. அவர் போன பிறகு, 52 வயதில்தான் ஸ்டியரிங்கைத் தொட்டேன். ஓட்டக் கற்றுக்கொண்டேன், சரி. குனிந்து டயரைப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் 150 கிலோமீட்டர். விடியுமுன் கிளம்பிவிட்டேன். மரக்காணம் உப்பளங்கள் வந்தபோது எங்கே பாத்தி, எங்கே வானம் என்று தெரியாமல் ஒரே பனி. வண்டி இடது பக்கமாகவே இழுத்தது. ஸ்டியரிங் வேறு கனத்தது. குளிரில் என் கைதான் விறைத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பாருங்கள், எவ்வளவு அசட்டுத்தனம்!

காலாப்பட்டு தாண்டி ஒரு பங்கில் நிறுத்தினேன். புதுவையில் பெட்ரோல் நம் பக்கத்தைவிடக் கொஞ்சம் மலிவு. ஊருக்குள் நுழைகிற சென்னை வண்டியெல்லாம் அங்கே வரிசை கட்டி நிற்கும். பையன் காற்றும் பார்த்தான். "26 இருக்கும்மா, புடிக்கட்டுமா?" பின்னால் ஹாரன் அடித்தார்கள். பேத்தி முகம் வேறு கண்ணில் ஆடியது. "நாளைக்குப் பார்த்துக்கலாம்ப்பா" என்று வந்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடற்கரைக்குப் போனோம். மாலை 6 மணிக்கு மேல் அந்தச் சாலையில் வண்டி விடமாட்டார்கள்; நிம்மதியாக நடக்கலாம். காந்தி சிலையைச் சுற்றி நிற்கிற கற்றூண்கள், பழைய கலங்கரை விளக்கம், சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர்! 1954இல் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப் போனாலும் அந்தத் தொப்பி மட்டும் போகவில்லை. வாய்க்காலுக்குக் கிழக்கே மஞ்சள் சுவரும் காகிதப்பூவும். மேற்கே திண்ணையும் தூணுமாக நம் வீடுகள். எனக்கு மேற்குப் பக்கம்தான் பிடிக்கும். உட்கார இடம் இருக்கிறதல்லவா?

மறுநாள் காலை ஆறரை மணி. தெரு முனையில் பஞ்சர் கடை. அப்பா காலத்தில் சைக்கிள் கடையாக இருந்ததாம்; இப்போதும் ஓரமாக நாலு சைக்கிள் நிற்கிறது. பெரியவர் மீட்டரை வைத்தார்.

"22தான் இருக்கும்மா."

"நேற்று 26 என்றானே, ஐயா! ராத்திரியில் எங்கே போயிற்று?"

"எங்கயும் போவல. நேத்து நீங்க நூறு மைல் ஓடி வந்தீங்க. டயரு சூடாயி, உள்ள இருக்கற காத்தும் சூடாயி மேல காட்டிச்சு. இப்ப ராத்திரி பூரா பனியில நின்னிருக்கு. இதாம்மா நெசம்."

"எப்போ புடிச்சீங்க?" என்று கேட்டார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். கத்திரி வெயிலில், உச்சிப் போதில்! அப்புறம் தொடவேயில்லை. சூட்டில் காற்று விரியும், குளிரில் சுருங்கும். ஐந்தரை டிகிரி செல்சியஸ் இறங்கினால் ஏறக்குறைய 1 பவுண்டு குறையுமாம். வைகாசி மத்தியானத்துக்கும் மார்கழி விடியலுக்கும் புதுவையிலேயே 15 டிகிரிக்கு மேல் வித்தியாசம். அதிலேயே மூன்று பவுண்டு போச்சு. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஒரு பவுண்டு போலத் தானாகக் கசியும். அது தனிக் கணக்கு.

மலைக்குப் போனால் இன்னொரு வேடிக்கை. ஊட்டியில் குளிர் காற்றைக் குறைக்கும். ஆனால் உயரத்தில் வெளிக்காற்று லேசாகிவிடுவதால் மீட்டர் கொஞ்சம் ஏற்றிக் காட்டும். ஒன்றுக்கு ஒன்று சரியாய்ப் போய்விடும். நம் ஊர்ச் சமவெளிக் குளிரில் அந்தச் சலுகை கிடையாது!

"எவ்வளவு வைக்கட்டும்?" என்றார். டயரின் பக்கவாட்டில் ஒரு பெரிய எண்ணைக் கண்டு, அதைப் படித்தேன். சிரித்துவிட்டார். அது அந்த டயர் தாங்கக்கூடிய உச்சமாம். வண்டிக்கு வேண்டியது ஓட்டுநர் கதவைத் திறந்தால் உள்ளோரத்தில் ஒட்டியிருக்கும். மூன்று வருஷமாக நான் திறந்து மூடுகிற கதவு! 30 என்று இருந்தது. அவர் மீட்டரில் இரண்டு வரிசை எண். 30க்கு நேரே இரண்டாவது வரிசையில் 2.1. "பிரெஞ்சுக்காரங்க கணக்கும்மா இது, பார்னு சொல்லுவாங்க" என்றார். காற்றடைத்த டயரைக் காருக்கு மாட்டி 1895இல் பாரிஸ்-போர்தோ பந்தயத்தில் ஓட்டியவர்கள் மிஷலின் சகோதரர்கள், பிரெஞ்சுக்காரர்கள்தான். வழி நெடுகப் பஞ்சர் ஒட்டி ஒட்டியே போனார்களாம். அதைச் சொன்னேன். பெரியவருக்குப் பரம திருப்தி.

நாலு சக்கரமும் முடிந்தது. பிறகு டிக்கியைத் திறக்கச் சொல்லி ஸ்டெப்னியைப் பார்த்தார். அதில் 15! வழியில் பஞ்சராகியிருந்தால் அதைத்தான் நம்பி மாட்டியிருப்பேன்.

"காத்து கம்மியா இருந்தா டயரு மடிஞ்சு மடிஞ்சு ஓடும்மா. உள்ளுக்குள்ள கொதிக்கும். வேகத்துல போறப்ப வெடிச்சிடும்" என்றார் சாதாரணமாக. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. அந்தச் சக்கரத்தின் மேல்தான் நாளைக்குக் குழந்தையை ஏற்றுவதாக இருந்தேன்.

நேரு வீதியில் ஒரு கடையில் பேனா மாதிரி சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். இப்போது மாதம் ஒருமுறை, வண்டியை எடுப்பதற்கு முன், வாசல் தெளித்த கையோடு நாலு சக்கரத்தையும் பார்த்துவிடுகிறேன், ஐந்தாவதையும்தான். ஓடி வந்த சூட்டில் கூடுதலாகக் காட்டினால் இறக்கிவிடக் கூடாது, ஆறினால் தானே இறங்கிவிடும் என்பதும் பெரியவர் சொன்னதுதான்.

திரும்பும்போதும் மரக்காணத்தில் அதே பனி. வண்டி இம்மியும் இழுக்கவில்லை. என் பெண் பின் ஸீட்டிலிருந்து, "அம்மா, பரவாயில்லையே, அப்பா மாதிரியே ஓட்டறே" என்றாள். பேத்தி திருவான்மியூர் வரும்வரை கண் விழிக்கவில்லை.