என்டர் மட்டும் அக்காவுக்கு

வேர்டு என்றால் கடிதம் அடிக்கிற மென்பொருள் என்றுதான் நம்மில் பலருக்கு நினைப்பு. அது பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டும். வேர்டு 97 முதல் அதற்குள் விபிஏ என்ற நிரல்மொழி இருக்கிறது. எக்செல் போன்றவற்றோடு 'கிரியேட்ஆப்ஜெக்ட்' வழியாக நேராகவே பேசலாம். அப்படிப் பேசத் தெரியாத பழைய மென்பொருளுக்கு வேறு வழி. 'ஆப்ஆக்டிவேட்' சன்னலின் தலைப்பைத் தேடி அதை முன்னால் கொண்டுவரும். 'சென்ட்கீஸ்' நம் விரலுக்குப் பதிலாக விசைகளைத் தட்டும். அதில் ^ என்றால் கண்ட்ரோல், % என்றால் ஆல்ட், ~ என்றால் என்டர்.

எங்கள் அலுவலகத்துக்கு உறுப்பினர் பட்டியல் வேர்டு அட்டவணையாக வரும். அதை ஒவ்வொரு பெயராகப் பழைய மென்பொருளில் ஏற்றுவது அக்காவின் வேலை. "பசியாறிட்டியா தம்பி?" என்று கேட்கும்போதும் விரல் நிற்காது, கண்ணும் திரையை விட்டு நகராது.

நான் ஒரு மேக்ரோ எழுதினேன். பெயர்கள் தாமாக ஏறின. பின்னால் நின்று பார்த்த மேலாளர், "அப்போ இதுக்கு ஆளே வேணாம்போல," என்றார். அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்காவின் கண் மட்டும் திரையிலேயே இருந்தது. "நிறுத்து தம்பி. இது பொம்பளப் பேரு. ஏ.பி.ன்னுல வரணும்? ஏ.எல்.னு அனுப்பியிருக்காங்க பாரு."

சென்ட்கீஸுக்குக் கண் கிடையாது. எந்தச் சன்னல் முன்னால் நிற்கிறதோ அதில் கொட்டும். நடுவில் ஓர் அறிவிப்புப் பெட்டி எழும்பினால் பெயர் அதற்குள் போய் விழும். மகன், மகள் என்ற வித்தியாசமெல்லாம் அதற்கு வெறும் எழுத்து. இத்தனை வருடமும் அக்கா தட்டிக்கொண்டே இதையெல்லாம் பிடித்துத் திருத்தியிருக்கிறார். தட்டியதற்குத்தான் கணக்கு இருந்தது, பார்த்ததற்கு இல்லை.

கடைசியில் இருந்த ~ குறியை எடுத்துவிட்டேன். இப்போது மேக்ரோ ஒரு பெயரை நிரப்பிவிட்டு நிற்கும். அக்கா படித்துப் பார்த்து என்டரைத் தட்டுவார். முன்புபோல் கை வலிக்கவில்லை என்கிறார்.

புது மென்பொருள் வாங்கப்போவதாக மேலாளர் சொல்கிறார். நல்லதுதான். அதில் சரிபார்ப்பது யார் வேலை என்று இப்போதே எழுதிவைக்கும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.