முகப் படத்தைத் தொட்டால் போதுமா?

நான் ஓய்வு பெறும் தறுவாயில் ஆசிரியர்களுக்கு ஒரு பயிற்சி வைத்தார்கள். 'மனவெழுச்சி நுண்ணறிவு' பற்றி வகுப்பெடுக்க ஓர் இளைஞர் வந்திருந்தார். ஐந்து முகப் படங்கள் ஒட்டிய அட்டையைக் கொடுத்து, "காலையில் பிள்ளைகள் தங்கள் மனநிலைக்கேற்ற முகத்தைத் தொட்டுவிட்டு உட்காரட்டும், நீங்கள் செயலியில் பதிந்துவிடுங்கள்" என்றார். இத்தனை காலம் நாங்கள் பாடம் மட்டும்தான் நடத்தினோமாம். அந்தப் பேச்சுதான் சுருக்கென்று தைத்தது.

உளவியலாளர்கள் சலோவேயும் மேயரும் 1990-இல் இந்த மனவெழுச்சி நுண்ணறிவைப் பற்றிக் கட்டுரை எழுதினார்கள். 1995-இல் எழுத்தாளர் கோல்மனின் புத்தகம் அதை ஊரெல்லாம் பரப்பியது. முதல் இருவரும் இதைத் திறன் என்றே பார்த்தார்கள்: உணர்வை இனங்காண்பது, சிந்தனைக்குப் பயன்படுத்துவது, புரிந்துகொள்வது, கையாள்வது. அட்டையோ முதல் படியிலேயே வழுக்குகிறது. ஏழாம் வகுப்புப் பையன் அவமானத்தில் குன்றிப்போயிருந்தாலும் கோப முகத்தைத்தான் தொடுவான்.

இந்த அவமானம்தான் கடைசிவரை என்னைப் படுத்தி எடுத்தது. வெறும் கோபத்தைச் சமாளித்துவிடலாம். சட்டையில் பொத்தானுக்குப் பதில் ஊக்கு குத்தியிருப்பதைப் பார்த்து, சாப்பாட்டு வரிசையில் எவனோ சிரித்திருப்பான். அடி விழுவது இரண்டு பீரியட் கழித்து, பென்சில் சண்டையில். "ஏன்டா அடிச்ச?" என்று கேட்டால் பொய்தான் வரும், உண்மையைச் சொன்னால் இன்னொரு தடவை அவமானப்பட வேண்டுமே.

எங்கள் பெரிய டீச்சர் அந்தக் கேள்வியைக் கேட்கவே மாட்டார். அடித்தவனைக் கூப்பிட்டு, "இந்த நோட்டை எல்லாம் நம்பர்படி அடுக்குடா" என்பார். தானும் பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருப்பார். மெல்ல மெல்லப் பையனின் மூச்சு தணியும், தோள் தளரும், கோணல்மாணலாக இருந்த அடுக்கு நேராகும். அப்போதுதான், தலையை நிமிர்த்தாமலே, "சாப்பாட்டு மணி அடிச்சப்புறம் என்னடா நடந்துச்சு?" என்பார். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருபவன் வாயில் ஊக்கு தானாக வந்துவிடும். "அசிங்கமாப் போச்சா?" என்பார். அவ்வளவுதான், பையன் அழுதுவிடுவான். அன்றே "சாரி சொல்லு" என்று யாரையும் கட்டாயப்படுத்தியதில்லை. சூட்டோடு வாங்கும் மன்னிப்பு உதட்டைத் தாண்டி உள்ளே போகாது என்பார். மறுநாள் இருவரையும் ஒரே வேலையில் இறக்கிவிடுவார்.

பெரிய டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்ததில் அர்த்தம் உண்டு. தன்னைக் கட்டுப்படுத்த உதவும் மூளையின் முன்பகுதி இருபது வயதைத் தாண்டியும் வளர்கிறது. அதுவரை பிள்ளைகள் பெரியவர்களின் நிதானத்தைப் பார்த்துத்தான் அடங்கக் கற்கிறார்கள். இன்றைக்குப் பெரியவர்களுக்கு அதற்கு நேரம் எங்கே? டீச்சரின் தலை செல்போனில் கவிழ்ந்திருக்கிறது: பதிவு, போட்டோ, புள்ளிவிவரம். அடிதடி என்றால் பெற்றோருக்கு ஒரு போன், ஒரு மன்னிப்புக் கடிதம், கதை முடிந்தது.

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளே, அட்டை சுவரில் இருந்துவிட்டுப் போகட்டும். சண்டை நடந்த அன்று பாடத்தை நிறுத்திவிட்டு, அடித்தவன் பக்கத்தில் அரைமணி நேரம் உட்காருங்கள். விட்டுப்போன பாடத்தை நாளைக்கு நடத்திக்கொள்ளலாம்.