தணிகைமலை அடிவாரத்து அண்டர்டேக்கர்

2025ஆம் ஆண்டு ஜூலை 24ஆம் நாள் ஹல்க் ஹோகன் தமது 71ஆவது வயதில் இறந்துபோன செய்தியை மதிய உணவு இடைவேளையில் படித்தேன். அவர்மீது எனக்குப் பெரிய பிரியம் எதுவும் இருந்ததில்லை. நாங்கள் அண்டர்டேக்கர் கட்சி. ஆனால் செய்தியைப் படித்து முடித்ததும் நினைவில் எழுந்தது ஹோகனின் மஞ்சள் பனியன் அல்ல. திருத்தணி மலைப்படியோரத்துப் புதரில் குனிந்து எதையோ தேடிக்கொண்டிருக்கும் ஒரு சிறுவனின் நனைந்த முதுகு. அவன் என் நண்பன். அவன் தேடிய பொருள் எங்கே இருக்கிறது என்று எனக்கு அப்போதே தெரியும்.

திருத்தணியை வெளியூர்க்காரர்கள் 365 படிகளின் வழியாக அறிவார்கள். ஆண்டின் நாளுக்கு ஒரு படி என்பது ஐதீகம். டிசம்பர் 31 அன்று படிதோறும் பூசை நடக்கும். எங்களுக்கு அது விளையாட்டு மைதானம். யார் எத்தனை படியில் மூச்சு வாங்காமல் ஏறுகிறார்கள் என்பதே எங்கள் பஞ்சாங்கம். ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த இந்த ஊர் நெடிய எல்லைப் போராட்டத்துக்குப் பின் 1960 ஏப்ரல் முதல் நாள் தமிழகத்தோடு இணைந்தது. நிலம் மாறியதே தவிர நாக்குகள் மாறவில்லை. என் நண்பனின் வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அவன் அப்பா விசைத்தறியில் கூலிக்கு லுங்கி நெய்தார். பள்ளி விட்டு வந்ததும் அவன் தார் சுற்ற உட்கார்ந்துவிடுவான். தறிகளின் சத்தத்துக்கு நடுவே பேசிப் பழகியதால் அவனுக்கு மெதுவாகப் பேசவே வராது.

1991இல் ஸ்டார் தொலைக்காட்சி இந்தியாவுக்கு வந்தது. அதன்பின் சில ஆண்டுகளில் எங்கள் தெருவிலும் இரண்டு வீடுகளுக்கு கேபிள் வந்தது. அந்த வீடுகளின் சன்னல்கள் வழியாகத்தான் எங்களுக்கு மல்யுத்தம் அறிமுகமாயிற்று. பின்னர் பெட்டிக்கடையில் டிரம்ப் கார்டு வந்தது. உயரம், எடை, மார்பு, புயம், வென்ற சண்டைகள் என்று ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு ஜாதகம். திருக்குறள் ஒப்பிக்கத் திணறியவர்களுக்கெல்லாம் அந்த எண்கள் மனப்பாடம். அண்டர்டேக்கர் 6 அடி 10 அங்குலம். ஜயண்ட் கோன்ஸாலஸ் 8 அடி. அவர் அர்ஜென்டினாவின் கூடைப்பந்து வீரர் என்பதும், உண்மையில் அத்தனை உயரமில்லை என்பதும், ஜப்பானியராகச் சொல்லப்பட்ட யோகோஸுனா சமோவா வம்சத்து அமெரிக்கர் என்பதும் வெகுகாலம் கழித்து அறிந்தவை.

அண்டர்டேக்கருக்கு ஏழு உயிர் என்பது எங்கள் தலைமுறையின் மாற்ற முடியாத நம்பிக்கை. 1994 ஜனவரியில் யோகோஸுனாவும் இன்னும் பலரும் சேர்ந்து அவரைச் சவப்பெட்டியில் அடைத்தார்கள். அவருடைய உருவம் அரங்கின் கூரையை நோக்கி எழும்பிச் சென்றது. அதே ஆகஸ்டில் அவர் திரும்பி வந்தார். மலைமேல் ஒரு தெய்வமும் தொலைக்காட்சியில் ஒரு பிணக்காரரும் மீண்டும் மீண்டும் உயிர்த்தெழும் கதைகளுக்கு நடுவே வளர்ந்த எங்களுக்கு இதில் ஐயமே எழவில்லை.

ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை சென்றபோதுதான் அந்தப் பொம்மையை முதன்முதலில் பார்த்தேன். அண்ணா சாலையில் ஒரு பெரிய விளையாட்டுப் பொருள் கடை. குளிரூட்டிய காற்று, மெழுகிய தரை. கண்ணாடிக்குப் பின்னால் அட்டையோடு ஒட்டிய உறைகளில் மல்யுத்த வீரர்கள் வரிசையாக நின்றார்கள். ஹாஸ்ப்ரோ நிறுவனம் 1990 முதல் 1994 வரை வெளியிட்ட வரிசை அது. விரலால் இழுத்துவிட்டால் விசையின் வேகத்தில் கை சுழன்று குத்தும். அப்பா விலை கேட்டார். நூற்றைம்பதுக்கு மேல் ஏதோ சொன்னார்கள். அவர் ஒருமுறை என்னையும் ஒருமுறை பொம்மையையும் பார்த்துவிட்டு, "இதே மாதிரி நம்ம கிருத்திகைக் கடையில வரும்டா, வா" என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதனால் அழவும் முடியவில்லை.

ஆனால் அவர் சொன்னது பலித்தது. 1995 ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடிகள் வந்திறங்கியபோது, சரவணப் பொய்கைக்குப் போகும் வழியில் பிளாஸ்டிக் வேல், ஊதல், தகரத் தவளை, சொப்புச் சாமான்களுக்கு நடுவே மல்யுத்த வீரர்களும் நின்றிருந்தார்கள். அவை போலிகள். ஒரே உடலை வார்த்துத் தலையை மட்டும் மாற்றியிருந்தார்கள். ஹோகனுக்கு யோகோஸுனாவின் தொந்தி. ஒருவருக்கு இரண்டு இடது கை. அந்தக் கூட்டத்தில் கறுப்புத் தொப்பியோடு ஒரே ஒரு அண்டர்டேக்கர். நாற்பது ரூபாய்.

கடைக்காரர் புத்தூர்ப் பக்கத்தவர். நண்பன் தன் தறிக்கொட்டகைக் குரலில், "அன்னா, தக்கிஞ்சண்டி" என்று தொடங்கி அரைமணி நேரம் மன்றாடி முப்பதுக்கு இறக்கினான். ஆளுக்குப் பதினைந்து ரூபாய். என் பதினைந்து, கிருத்திகைக்கு வந்த உறவினர்கள் கையில் வைத்துவிட்டுப் போனது. அவனுடைய பதினைந்து, தார் சுற்றியது. ஒரு வாரம் என்னிடம், ஒரு வாரம் அவனிடம், வெள்ளிக்கிழமை மாலை படியடிவாரத்தில் கைமாற வேண்டும் என்பது உடன்படிக்கை. மூன்று மாதங்கள் ஒருநாளும் அவன் தவறியதில்லை. என் முறை வரும்போது பொம்மையைத் துடைத்து, தாள் ஒன்றில் சுற்றிக் கொண்டுவருவான்.

ஐப்பசியில் கந்த சஷ்டி வந்தது. மற்ற முருகத் தலங்களில் சூரசம்ஹாரம் நடக்கும். திருத்தணியில் கிடையாது. சூரனோடு போரிட்ட சினம் தணிந்து முருகன் அமர்ந்த இடம் இது, செரு தணிந்ததால் செருத்தணி என்பார் பாட்டி. அன்று இங்கே புஷ்பாஞ்சலி மட்டும்தான். சண்டை பார்க்க ஆசைப்பட்ட எங்களுக்கு எங்கள் ஊர்ச் சாமி கொஞ்சம் ஏமாற்றமாகவே இருந்தார்.

சஷ்டி முடிந்த வெள்ளிக்கிழமை பொம்மையை அவனிடம் கொடுக்க வேண்டிய நாள். எனக்குக் கொடுக்க மனம் வரவில்லை. இதற்கு இன்றுவரை வேறு காரணம் எதையும் என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அரிசிப் பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்துவிட்டு, படியில் விளையாடும்போது எங்கோ தவறிவிட்டது என்றேன். அவன் திட்டுவான், அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் "எந்தப் படி?" என்று மட்டும் கேட்டான். வாய்க்கு வந்த ஒரு படியைச் சொன்னேன்.

மழை தூறிக்கொண்டிருந்தது. இருட்டும்வரை புதர்களை விலக்கித் தேடினான். நானும் தேடினேன். அதாவது, தேடுவதுபோல் நடித்தேன். முள் கிழித்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கடைசியில் அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். "அழாதடா. அண்டர்டேக்கர்தானே, திரும்பி வந்துருவான்."

நான் அழுதுகொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அழுததை அவன் இழப்பின் துயரம் என்று எடுத்துக்கொண்டான். அக்கணத்தில் உண்மையைச் சொல்லியிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். சொல்லவில்லை. மறுநாள் சொல்வது இன்னும் கடினமாயிற்று, அதற்கடுத்த நாள் அதைவிட. ஓராண்டு கழித்து அவன் அப்பாவுக்கு நகரியில் தறி வேலை கிடைத்து, குடும்பத்தோடு போய்விட்டார்கள். ஒளித்த பொம்மையை வைத்து நான் ஒருநாளும் விளையாடவில்லை. யாரேனும் பார்த்துவிடக் கூடும் அல்லவா?

பிறகு ஒவ்வொன்றாக வெளுத்தது. சண்டைகள் முன்பே முடிவு செய்யப்பட்டவை என்று தெரிந்தது. 1994இல் உண்மை அண்டர்டேக்கரோடு மோதிய போலியும், 1996இல் அக்ஷய் குமாரின் இந்திப் படத்தில் அண்டர்டேக்கராக வந்தவரும் பிரையன் லீ என்ற ஒரே நபர்தான் என்று தெரிந்தது. மார்க் கலவே என்ற டெக்சாஸ்காரர் முப்பது ஆண்டுகள் அந்த வேடத்தைச் சுமந்து 2020இல் ஓய்வு பெற்றார். அவர்கள் நடித்தது பார்ப்பவர்களின் மகிழ்ச்சிக்காக. அந்த மழையில் நான் நடித்ததற்கு அப்படி எந்தச் சமாதானமும் இல்லை.

இப்போது என் மகனிடம் மேட்டல் நிறுவனத்துப் பொம்மைகள் இருக்கின்றன. முழங்கை, முழங்கால் எல்லாம் மடங்கும். அலமாரியில் பழைய கடிதங்களோடு கிடக்கும் கறுப்புப் பொம்மையைக் காட்டி, "இது ஏம்ப்பா இப்படி அசிங்கமா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டான். அது என்னுடையதல்ல என்றேன். பிறகு, பாதிதான் என்னுடையது என்று திருத்தினேன்.

திருத்தணியிலிருந்து நகரிக்குப் பேருந்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஊருக்குப் போகும்போதெல்லாம் பையில் அதை எடுத்துவைக்கிறேன். எல்லை தாண்டாமலே திரும்பிவிடுகிறேன். உடன்படிக்கைப்படி அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அவன் முறை. முப்பது ஆண்டுகளாக அவன் முறைதான் நடந்துகொண்டிருக்கிறது.