பள்ளி என்ற சொல்லைத் தேடி ஒரு மலைப் பயணம்



'பள்ளி' என்ற சொல்லை நாள்தோறும் எத்தனை முறை சொல்கிறோம்! காலையில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகிறோம். பாங்கோசை கேட்டதும் பள்ளிவாசலுக்கு விரைகிறோம். நம் இல்லங்களில் இத்துணை உரிமையோடு புழங்கும் இச்சொல்லின் பழைய வீடு எது? நெல்லைச் சீமையின் பாறைக் குன்றுகள் அதற்கு விடை சொல்லும். வாருங்கள், இத்திங்கள் அங்கே போய் வருவோம்.

உலகைத் துறந்தோர் மலையை நாடுவது எல்லா நாட்டிலும் கண்ட வழக்கம். இத்தாலி நாட்டின் மாண்டே காசினோ குன்றின்மேல் 529ஆம் ஆண்டளவில் துறவி பெனடிக்ட் நிறுவிய கிறித்துவ மடம் உலகறிந்தது. வழிபாடும் உடலுழைப்பும் கல்வியும் அங்கே ஒன்றாய் வளர்ந்தன. 1944இல் போர்க்காலக் குண்டுவீச்சில் அது இடிந்து பாழாகிப் பின்னர் மீண்டும் எழுந்தது. அத்தகைய துறவியர் மலைகளைக் காணக் கடல் கடக்க வேண்டியதில்லை. நம் தாமிரபரணிக் கரையிலேயே அவை உண்டு.

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் சீவலப்பேரிக்கு அருகில் மருகால்தலை என்றோர் ஊர். அங்குள்ள குன்றின் குகைத்தளத்தில், துறவியர் படுத்துறங்கப் பாறையிலேயே செதுக்கிய கற்படுக்கைகளைக் காணலாம். குகையின் முகப்பில் தமிழ்ப் பிராமி எழுத்தில் ஒரே ஒரு வரி. வெண்காசிபன் என்பவர் செய்வித்துக் கொடுத்த கொடை இது என்பது அதன் பொருள். ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட எழுத்து அது. 'பள்ளி' என்றால் படுக்கும் இடம். சமண, பௌத்தத் துறவியர் தங்கிய இடம் பள்ளியாயிற்று. அவர்கள் அங்கேயே எழுத்தும் நூலும் கற்பித்தமையால் கல்விக்கூடமும் பள்ளியாயிற்று என்பர் அறிஞர். பின்னாளில் இறைவனைத் தொழுமிடத்துக்குத் தமிழில் பெயர் தேடிய நம் முன்னோரும் அச்சொல்லையே எடுத்துப் 'பள்ளிவாசல்' என்றனர்.

ஒரு குகையில் தொடங்கிய இவ்வழக்கம் பெருகி, ஒரு மலையையே நிறைத்ததைக் காண வேண்டுமானால், ஆற்றங்கரையை விட்டு வடக்கே கழுகுமலைக்குச் செல்ல வேண்டும். கோவில்பட்டியிலிருந்து சங்கரன்கோவில் செல்லும் சாலையில் உள்ள இவ்வூர், 1986இல் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது தூத்துக்குடியைச் சேர்ந்தது. அதுவரை நெல்லை மாவட்டத்து ஊரே. கரிசல் வெளியின் நடுவே தனித்து நிற்கும் இம்மலையின் பழம்பெயர் அரைமலை.

மலையின் ஒரு புறத்தில் வெட்டுவான் கோயில் இருக்கிறது. பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, எல்லோராவின் கயிலாசநாதர் கோயிலைப் போல் ஒற்றைக் கல்லில் உருவாக்கிய பாண்டியர் காலப் படைப்பு இது. 8ஆம் நூற்றாண்டில் தொடங்கிய வேலை, ஏனோ முடியாமலே நின்றுவிட்டது. மற்றொரு புறத்தில் சமணப் பள்ளியின் பாறை. வரிசை வரிசையாகத் தீர்த்தங்கரர் உருவங்கள். தலைமேல் நாகம் குடைபிடிக்கும் பார்சுவநாதர். கொடிகள் சுற்றிப் படர்ந்தும் அசையாது நிற்கும் பாகுபலி.

உருவங்களைக் கண்டதும் நம்மில் சிலருக்குத் தயக்கம் எழலாம். அவர்களுடைய வழிபாடு அவர்களுக்கு உரியது. ஆனால் இம்மண்ணின் வரலாறு நம் எல்லோருக்கும் உரியது. ஆகவே உருவங்களின் கீழே பாருங்கள். அங்கே வட்டெழுத்தில் சுமார் நூறு கல்வெட்டுகள். இன்ன ஊர் இன்னார் 'செய்வித்த திருமேனி' என்ற அளவில் பெரும்பாலானவை முடிந்துவிடும். அவற்றைச் செய்வித்தோர் எல்லோரும் அரசர்களோ செல்வர்களோ அல்லர். தச்சரும் குயவரும் கொல்லரும் அவர்களுள் உண்டு. இன்னும் வியப்பு, 'குரத்தியார்' எனப்பட்ட பெண் ஆசிரியர்களின் பெயர்கள். மிழலூர்க் குரத்தி, திருச்சாரணத்துக் குரத்தி என்று அவை தொடர்கின்றன. திருச்சாரணம் என்பது குமரி மாவட்டத்துச் சிதறால் மலை. அவ்வளவு தொலைவிலிருந்தும் இம்மலைக்குத் தொடர்பு இருந்திருக்கிறது. சித்தாந்தம் கற்பித்த துறவியர்க்கு உணவளிக்க ஏற்பாடு செய்ததைக் கூறும் கல்வெட்டும் இங்குண்டு. ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், பெண்கள் ஆசிரியராய் அமர்ந்து மாணவரைப் பெற்றிருந்த மலை இது!

நான் சென்றிருந்தபோது உடன்வந்த உறவுக்காரச் சிறுவன், கூரிய கல் ஒன்றை எடுத்துப் பாறையில் தன் பெயரைக் கீறத் தொடங்கினான். தடுத்தேன். "அவர்களும் பெயரைத்தானே எழுதி வைத்திருக்கிறார்கள், மாமா?" என்றான். எனக்குச் சட்டென்று மறுமொழி தோன்றவில்லை. சற்று நேரம் கழித்து, "அவர்கள் கொடுத்துவிட்டு எழுதினார்கள். நீ இந்த மலைக்கு எதைக் கொடுத்தாய்?" என்று கேட்டேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கல்லைக் கீழே போட்டான். ஆனால் எங்களுக்கு முன்பே வந்துபோன எத்தனையோ பேரின் பெயர்கள் அப்பாறையில் ஏறியிருந்ததையும் கண்டேன். மழையும் வெயிலும் பல நூற்றாண்டுகளில் செய்யாத கேட்டை ஒரு கைப்பிடிக் கல் ஒரு நாழிகையில் செய்துவிடுகிறது.

நெல்லைச் சீமையில் சமணம் மங்கிப் பல நூற்றாண்டுகள் ஆகின்றன. வடதமிழகத்தில் தமிழ்ச் சமணர் இன்றும் வாழ்கின்றனர்; இங்கோ அம்மலைக்குக் காவலாய் நிற்க அவர்கள் ஊரில் இல்லை. உரியவர் அருகில் இல்லாத பொருள் அக்கம்பக்கத்தாரிடம் உள்ள அமானிதம் அன்றோ? அதைக் கெடாமல் காப்பது நம் கடமையும் ஆகும்.

விடுமுறை நாளொன்றில் குடும்பத்தோடு சென்று வாருங்கள். பாறை சுடுமுன் காலையிலேயே ஏறிவிடுங்கள். குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். பெண் மக்களிடம் அக்குரத்தியாரின் கதையைச் சொல்லுங்கள். திரும்பி வந்த மறுநாள் பள்ளிக்குப் புறப்படும் பிள்ளைக்கும், பள்ளிவாசலுக்குப் புறப்படும் உங்களுக்கும் அந்தப் பழைய சொல் புதிதாய் ஒலிக்கும்.