கீழைக் கரையில் மூன்று நாட்கள்

தென்மேற்குப் பருவக்காற்றினால் கொழும்பிலும் காலியிலும் கடல் கொந்தளிக்கும் மாதங்களில், இலங்கையின் கீழைக்கரை குளத்துநீர்போல அமைதியுற்றிருக்கும். வைகாசி பிறந்தால் ஆவணி முடியும்வரை அங்கே மழை அரிது. கச்சான் காற்று வயல்வெளிகளைக் கடந்து வெம்மையோடு வீசும். மாரிக்காலத்திலோ இந்நிலை தலைகீழாக மாறும். வடகீழ்ப் பருவமழை பெய்து, ஆறுகள் கரைபுரண்டோடும். ஆகவே, கீழைக்கரையின் கடலழகைக் காண விழைவோர் கோடையிலே செல்லுதல் நன்று. சென்ற ஆவணிப் பூரணையை ஒட்டிய மூன்று நாட்களில், நானும் என் மனைவியும் எங்கள் சிறிய மோட்டார் வண்டியில், மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைவரை செல்லும் கரையோரச் சாலையில் பிரயாணஞ் செய்தோம்.

இச்சாலையின் நீளம் ஏறத்தாழ 130 கிலோமீற்றர். விரைந்து செல்வோர் ஒரு காலைப்பொழுதிலே கடந்துவிடலாம். அவ்வாறிருக்க, எங்களுக்கு ஏன் மூன்று நாட்கள் வேண்டியிருந்தன?

மட்டக்களப்பு நாட்டு வழக்கிலே 'பாதை' என்னுஞ் சொல்லுக்குத் தனிப்பொருள் ஒன்றுண்டு. மக்களையும் வாகனங்களையும் ஏற்றிக்கொண்டு ஆற்றையும் வாவியையும் கடக்கும் மிதவையையே அவர்கள் பாதை என்பார்கள். நிலத்துச் சாலை எங்கே முடிகின்றதோ அங்கே நீரின்மேல் மிதக்கும் பாதை தொடங்குகின்றது. எத்துணைப் பொருத்தமான பெயர்! பாலங்கள் இல்லாத காலத்தில் மட்டக்களப்பிலிருந்து திருகோணமலைக்குப் புறப்பட்டவர், இவ்வாறான பாதைகள் பலவற்றில் ஏறி இறங்க வேண்டியிருந்தது.

என் மனைவியின் தந்தையார் ஓர் ஆசிரியர். வீடு மட்டக்களப்பில், உத்தியோகம் மூதூர்ப் பகுதியில். விடுமுறைக்கு வரும்போதெல்லாம், தாம் கடந்துவந்த துறைகளின் பெயர்களை அவர் தம் மகளுக்குக் கதைபோலச் சொல்லுவாராம். வெருகல், கங்கை, இறால்குழி, உப்பாறு, கிண்ணியா என்று அவள் சிறுவயதிலேயே வாய்பாடுபோல ஒப்புவிப்பாள். ஒருநாள் அழைத்துச் செல்வதாக அவர் வாக்களித்துமிருந்தார். பின்னர் யுத்தம் வந்தது, சாலை துண்டுபட்டது. 1994ஆம் ஆண்டு அவர் காலமானார். கிழக்கில் 2007ஆம் ஆண்டிலும், நாடு முழுவதும் 2009ஆம் ஆண்டிலும் யுத்தம் ஓய்ந்தபோது, எங்களைப் பிள்ளைகளின் படிப்பும் உத்தியோகமும் கொழும்பிலே கட்டிவைத்திருந்தன. இப்போது இருவரும் ஓய்வு பெற்றுவிட்டோம். அந்த வாய்பாட்டைக் கண்ணாற் காணவே நாங்கள் புறப்பட்டோம்.

முதல்நாள் இரவைக் கல்லடியிலே கழித்தோம். ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் மட்டக்களப்பு வாவியின் குறுக்கே, 1924ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட இரும்புப் பாலம் இன்றும் நிற்கின்றது. அக்காலத்துத் தேசாதிபதி மனிங் அவர்களின் மனைவியின் பெயரால் அது வழங்கிற்று. 2013ஆம் ஆண்டு அதன் அருகே புதிய பாலம் திறக்கப்பட்டது. பூரணை இரவுகளிலே இவ்விடத்தில் நீருக்கடியிலிருந்து இன்னிசை எழும் என்பது நெடுங்காலச் செய்தி. மீன் பாடுகின்றது என்பர் ஒருசாரார். சிப்பியும் நத்தையும் என்பர் மறுசாரார். தோணியை நடுவாவியில் நிறுத்தி, துடுப்பின் ஒரு நுனியை நீரில் அமிழ்த்தி, மறுநுனியிற் காதை வைத்துக் கேட்டோம். யாழின் நரம்பொன்றை யாரோ தொலைவிலிருந்து மெல்லத் தொட்டாற்போல ஓர் ஒலி, பின் அமைதி. யாழின் இலக்கணத்தை ஆராய்ந்து 'யாழ்நூல்' இயற்றிய சுவாமி விபுலாநந்தர், 1892ஆம் ஆண்டு இம்மாநிலத்துக் காரைதீவிலே பிறந்தவர். அவர் 1947ஆம் ஆண்டு மறைந்தபின் கல்லடி உப்போடையிலே, அவ்வாவிக்கு அண்மையிலேயே, துயில்கொள்கின்றார் என்பதை அந்த இரவில் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

மறுநாட் காலை வடக்கே சென்றோம். பாசிக்குடாவிலே கடல் வெகுதூரம் ஆழமின்றிக் கிடக்கின்றது. கரையிலிருந்து நெடுந்தொலைவு நடந்துசென்ற பின்னரும் நீர் இடுப்பளவைத் தாண்டவில்லை. சிறுவர் அச்சமின்றி நீராடினர். இதே கடல்தான் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆந் திகதி கரையேறி, இக்கரையோர ஊர்கள் பலவற்றை அழித்தது. அன்று பெற்றோரை இழந்த பிள்ளைகள் பலர் இன்று தாமே பெற்றோராகி இருப்பார்கள். அவர்களுட் சிலரேனும் அன்று நாங்கள் கண்ட சிறுவரைக் கைப்பிடித்து நீரில் இறக்கியிருக்கக்கூடும். கடலோடு கோபித்துக்கொண்டு கடற்கரையில் வாழ முடியாதல்லவா?

காயாங்கேணி, பனிச்சங்கேணி, வாகரை, கதிரவெளி என ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பும் கண்டற்காடும். இத்துணை நீர்நிலைகள் இங்கு அமைந்ததற்குக் காரணம் உண்டு. கோடையில் அலைகள் மணலைக் குவித்து முகத்துவாரங்களை அடைத்துவிடுகின்றன. உள்ளே நீர் தேங்கிக் களப்பாகின்றது. மாரியில் வெள்ளம் பெருகும்போது அம்மணற்றிட்டி உடைகின்றது, அல்லது மனிதர் அதனை வெட்டிவிடுகின்றனர். வடபாதியிலோ இலங்கையின் மிகநீண்ட நதியாகிய மகாவலி, 335 கிலோமீற்றர் ஓடிவந்து, பல கிளைகளாகப் பிரிந்து கடலை அடைகின்றது. வெருகலாறு அக்கிளைகளுள் ஒன்று. இரு மாவட்டங்களுக்கும் எல்லையாக அமைந்தது.

வெருகலை அண்மியபோது, "இஞ்சாருங்க, கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றாள் என் மனைவி. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். அவள் இறங்கிப் பாலத்தின் விளிம்பருகே நின்று, பழுப்புநிற நீரை நெடுநேரம் பார்த்திருந்தாள். பின்பு, "முதலாவது" என்று மட்டும் சொன்னாள். அதன்பின் ஒவ்வொரு பாலத்திலும் நாங்கள் இறங்கினோம்.

மூதூருக்கு வரும் பிரயாணி றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கிலேயரை நினையாதிருத்தல் அரிது. புயலிலே பழுதுற்ற கப்பலைச் செப்பனிடக் கொட்டியாரக் குடாவுக்கு வந்த அவர், 1660ஆம் ஆண்டு கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் மலைநாட்டிலே வைக்கப்பட்டிருந்து, 1679ஆம் ஆண்டு தப்பியோடினார். சிறிதுகாலந் தங்க எண்ணி வந்தவர் நெடுங்காலந் தங்க நேர்ந்ததனாலேயே, 1681ஆம் ஆண்டு வெளியான அவருடைய நூல் நம் நாட்டைப் பற்றி அத்துணைச் செய்திகளைக் கூறுகின்றது.

கங்கை, இறால்குழி, உப்பாறு ஆகியவற்றைக் கடந்து, மூன்றாம்நாள் கிண்ணியாவை அடைந்தோம். தம்பலகாமக் குடாவின் வாயிலே, 396 மீற்றர் நீளமான பாலம் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்டது. பாலத்தடியிலிருந்த தேநீர்க்கடையில் ஒரு முஸ்லிம் முதியவர் அமர்ந்திருந்தார். பழைய பாதையைப் பற்றி என் மனைவி விசாரிக்கவே, அவர் முகம் மலர்ந்தது.

"பாதைக்குக் காத்து நின்டா ஆளையாள் தெரியும், மகள். ஒருத்தர்ர சோத்துப் பொட்டலத்த மத்தவர் பிரிப்பார். பாலத்தில வாகனம் மட்டுந்தான் தெரியிது."

சற்று நேரம் பேசாதிருந்துவிட்டு, அவரே தொடர்ந்தார்: "ஆனா, ராவில புள்ளப்பெறு நோவோட வந்து இந்தக் கரையில அழுதுகிட்டு நின்டவங்களையும் நான் கண்டிருக்கன். பாலந்தான் நல்லம்."

அவர் கூற்று முற்றிலும் உண்மை. பாதையின் அழகைப் பாடுவோர் அதன் ஆபத்தையும் மறத்தலாகாது. கிண்ணியாவுக்கு அண்மையிலுள்ள குறிஞ்சாக்கேணியிலே, பாலம் புதிதாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த காலத்தில், 2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆந் திகதி, பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிச்சென்ற மிதவைப் பாதை கவிழ்ந்தது; சிறுவர் உட்படப் பலர் மாண்டனர். பாலம் என்பது பிரயாணியின் வசதிக்கு மட்டுமன்று. அக்கரையில் வாழ்வோரின் உயிருக்கும் அதுவே காவல்.

எனினும், முதியவரின் முதல் வார்த்தையையும் தள்ளிவிடுவதற்கில்லை. அந்நாளிலே ஆறு பிரயாணியை நிறுத்தியது. நின்றவன் அயலவனோடு பேசினான், ஊரை அறிந்தான். இந்நாளிலே நிறுத்துவார் இல்லை, நாமேதான் நிற்கவேண்டும். எங்களுக்கு மூன்று நாட்கள் வேண்டியிருந்தது இதனாலேதான்.

அன்று மாலை திருக்கோணேஸ்வரத்தை அடைந்தோம். 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் பாடிய தலம் இது. 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அக்கற்களைக் கொண்டு கோட்டை கட்டினர். 1963ஆம் ஆண்டு புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நிகழ்ந்தது. என் மனைவி தந்தையாரின் பெயரில் அருச்சனை செய்வித்தாள். மலையுச்சியில் நின்று தெற்கே நோக்கினால், கொட்டியாரக் குடாவுக்கு அப்பால், நாங்கள் வந்த கரை நீலக்கோடாகத் தெரிகின்றது.

கீழைக்கரைக்குச் செல்ல எண்ணும் குடும்பத்தினர் கோடையில், பூரணையை அண்மிய நாட்களிற் செல்க. இரு இரவுகளேனும் வழியிலே தங்குக. மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: புறப்படுமுன், உங்கள் பாட்டனாரிடமும் பாட்டியாரிடமும் அவர்கள் கடந்த துறைகளின் பெயர்களைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாதைகள் மறைந்துவிட்ட இடங்களில், அவற்றை அறிந்தோரும் ஆண்டுதோறும் குறைந்துவருகின்றனர்.