பழைய வளையம்

என் மாமா கிள்ளான் துறைமுகத்தில் படகு இயந்திரங்களைப் பழுதுபார்ப்பவர். கெத்தாம் தீவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லும் படகுகளும் அவரிடம் வரும். பல படகுகளில் இயந்திரத்தின் அடியில் தட்டு வைக்கவும் இடமிருக்காது. ஆகவே, இயந்திரத்தைச் சற்று ஓடவிட்டு, சூடேறி இளகிய எண்ணெயைப் பம்பால் உறிஞ்சி எடுப்பார்.

எண்ணெய் வடிகட்டியைக் கழற்றியதும் முதலில் அதன் ரப்பர் வளையத்தைத் தேடுவார். சில வேளைகளில் அது இயந்திரத்திலேயே ஒட்டிக்கொள்ளும். அதைக் கவனிக்காமல் புதியதைப் பொருத்தினால், இரண்டு வளையங்களுக்கிடையே எண்ணெய் பீறிட்டு வெளியேறும். எண்ணெயற்ற இயந்திரம் இறுகி நின்றுவிடும்.

"கார் என்றால் சாலையோரம் நிறுத்தலாம். அலைமேல் எங்கே நிறுத்துவது, தம்பி?" என்பார்.

புது வளையத்தில் எண்ணெய் தடவிக் கையால்தான் இறுக்குவார். ஸ்பானரால் முறுக்கினால் அடுத்த முறை கழற்றுபவர் பாடு திண்டாட்டம்! பின்னர் இயந்திரத்தை ஓட்டி நிறுத்தி, வடிகட்டியைச் சுற்றி வெள்ளைத் துணியால் துடைப்பார். துணியில் கறை இல்லையென்றால்தான் பயணிகள் ஏறலாம்.