விடியுமுன் புறப்படும் ஊர்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரு சிறு அலுவலை முன்னிட்டு, அரியலூர்ப் புகைவண்டி நிலையத்தில் விடியுமுன் போய் நின்றோம். வண்டிகள் மின்சாரத்தால் ஓடத் தொடங்கிய பின்னும் புகைவண்டி என்னும் சொல் நம் நாவை விட்டு அகலவில்லை, வாசகர்கள் பொறுத்தருள்க. அந்நேரத்தில் நடைமேடையில் நாம் ஒருவராகவே நிற்போம் என்று எண்ணியிருந்தோம். அங்கோ ஒரு சிறு சந்தையே கூடியிருந்தது. தூக்குச் சட்டியும் தோள் பையுமாக ஆண்கள், கூந்தலின் ஈரம் உலராத பெண்கள், கையில் புத்தகத்தோடு கல்லூரி மாணவர்கள். எந்தப் பெட்டி எவ்விடத்தில் வந்து நிற்கும் என்பது அவர்களுக்கு மனப்பாடம். "சாமி, இங்கிட்டு வந்து நில்லுங்க, எடம் கெடைக்கும்" என்று ஒருவர் நம்மை அழைத்துத் தம் அருகே நிறுத்திக்கொண்டார்.

அவர் திருச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுபவர். இருபது ஆண்டுகளாக இதே வண்டியில் சீசன் சீட்டில் போய் வருகிறார். அரியலூரிலிருந்து திருச்சி இரயில் வழியே சுமார் 70 கிலோமீட்டர். போக, வர 140. ஆண்டுக்கு 300 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் 42,000 கிலோமீட்டர். பூமிப் பந்தின் சுற்றளவே ஏறத்தாழ 40,000 கிலோமீட்டர்தான். ஆக, இந்த மனிதர் இருபது முறை உலகை வலம் வந்தவர்! ஆனால் மதுரைக்கு அப்பால் தாம் போனதில்லை என்றார். நாம் கணக்கைச் சொன்னதும் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சற்று மௌனமாகி, "எம் பிள்ளைக என்னைய முழிச்சிருந்து பாக்குறது ஞாயித்துக்கெழமதான் சாமி" என்றார்.

அந்த ஒரு சொல்லே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

இவ்வட்டாரம் எக்காலத்தும் மக்கள் விட்டுச் செல்லும் இடமாக இருந்ததன்று. மனிதன் தோன்றுமுன் கடலே இங்கு வந்து குடியிருந்தது. கிரெட்டேஷியஸ் எனப்படும் பழங்காலத்தில் அரியலூர்ப் பகுதி ஆழமற்ற கடலின் அடியில் கிடந்தது. அக்கடலில் வாழ்ந்த சுருள் ஓட்டு உயிர்களும் சிப்பிகளும் மடிந்து படிந்தே இம்மண் சுண்ணாம்புக் கல்லாயிற்று. பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் பதினெட்டு மீட்டர் நீளமுள்ள மரமொன்று கல்லாய்ச் சமைந்து கிடப்பதை 1940-இல் புவியியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் உலகறியச் செய்தார். அதன் வயது சுமார் பன்னிரண்டு கோடி ஆண்டுகள் என்பர். பின்னர் வரலாற்றுக் காலத்தில், முதலாம் இராசேந்திர சோழன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கினான். ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டுக் காலம் தூதரும் வணிகரும் புலவரும் இம்மண்ணை நாடி வந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டில் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் ஏலாக்குறிச்சியில் தங்கித் தமிழ்ப்பணி ஆற்றியதை நம் குடும்பங்கள் நன்கறியும். அரியலூர் மழவராயர் அக்கோயிலுக்கு நிலம் ஈந்தார் என்பதும் நம் முன்னோர் சொல்லிவந்த செய்தியே.

இவ்வாறு வருவோரை ஏற்ற ஊர், போவோரை அனுப்பும் ஊராக மாறிய கதைக்கு ஆண்டு குறிக்கலாம். முன்பு சென்னையிலிருந்து திருச்சிக்கு இரயிலில் செல்வோர் கடலூர், மயிலாடுதுறை, தஞ்சாவூர் எனச் சுற்றியே செல்ல வேண்டியிருந்தது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிக்கு நேர்ப்பாதை 1929-இல் முழுமை பெற்றது. குறுக்கு வழி என்பதால் அதனைக் 'கார்டு லைன்' என்றனர். அதற்கு முந்திய ஆண்டில்தான் நாகப்பட்டினத்து இரயில்வே பணிமனை திருச்சிப் பொன்மலைக்கு இடம் மாறியிருந்தது. ஒருபுறம் பாதை, மறுபுறம் வேலை. இளைஞர் வண்டி ஏறாமல் இருப்பரோ? 1960-களில் திருவெறும்பூர் அருகே கொதிகலன் தொழிற்சாலை எழுந்தபின் அவ்வோட்டம் மேலும் பெருகிற்று.

பெரம்பலூரின் நிலை வேறு. அவ்வூருக்கு இன்றளவும் இரயில் கிடையாது. அது சென்னை-திருச்சி நெடுஞ்சாலையின் பிள்ளை. சின்ன வெங்காயமும் பருத்தியும் மக்காச்சோளமும் லாரி ஏறிச் செல்வது போலவே, அவ்வூர் மக்களும் பேருந்து ஏறிச் செல்கின்றனர். 1995-இல் திருச்சி மாவட்டம் பிரிந்தபோது பெரம்பலூர் மாவட்டத் தலைநகராயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை சுமார் 50,000. அரியலூரோ சுமார் 29,000. முப்பது கிலோமீட்டர் இடைவெளியில் இரு உடன்பிறப்புகள். ஒன்றைச் சாலை வளர்த்தது, மற்றதை இருப்புப்பாதை வளர்த்தது.

வளர்த்த பாதையே ஒருமுறை வதைத்ததும் உண்டு. 1956 நவம்பர் 23 விடியற்காலை, அடைமழையில் மருதையாறு பெருகி ஓடிற்று. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கி வந்த விரைவு வண்டி அரியலூரைக் கடந்து ஆற்றுப் பாலத்தை அடைந்தபோது, வெள்ளம் பாதையை அரித்திருந்தது. என்ஜினும் பெட்டிகளும் நீரில் வீழ்ந்தன. சுமார் 150 பேர் மாண்டனர். அன்றைய இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பாலத்தைக் கட்டியவரல்லர், வண்டியை ஓட்டியவருமல்லர். ஆயினும் 'பொறுப்பு என்னுடையது' எனக் கருதிப் பதவி விலகினார். அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்தின்போது அவர் தந்த விலகலை ஏற்க மறுத்த பிரதமர் நேரு, இம்முறை ஏற்றுக்கொண்டார். அரியலூர் என்ற பெயரை இந்தியா முழுதும் அறிந்தது அத்துயரத்தாலேயே.

காலத்தின் போக்கு விந்தையானது. 2001-இல் பிறந்து 2002-இல் பெரம்பலூரோடு மீண்டும் இணைக்கப்பட்ட அரியலூர் மாவட்டம், மறுபடியும் தனி மாவட்டமாக உதயமானது 2007 நவம்பர் 23 அன்று. ஐம்பத்தோராண்டுக்குப் பின் அதே நாள்! ஆட்சியர் அலுவலகம் வந்தது. 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரியும் வந்தது. இனி மக்கள் ஊரிலேயே தங்குவர் என்று பலரும் எதிர்பார்த்தனர். நாம் கண்டதோ வேறு. காலை வண்டியில் நம்மவர் திருச்சிக்குப் போக, எதிர் வண்டியில் திருச்சியிலிருந்து அலுவலர்களும் ஆசிரியர்களும் அரியலூருக்கு வருகின்றனர். மாலையில் இரு சாராரும் இடம் மாறிக்கொள்கின்றனர். ஒருவர் ஊரில் மற்றவர் உழைக்கிறார். எவரும் தாம் உழைக்கும் ஊரில் உறங்குவதில்லை.

இத்தகைய ஊர்கள் உலகெங்கும் உண்டு. ஜப்பானியர் இவற்றிற்கு ஆங்கிலச் சொற்களை ஒட்டி 'பெட் டவுன்' எனப் பெயரிட்டுள்ளனர். உறங்குவதற்கான ஊர் என்று பொருள். அங்கு 1910-ஆம் ஆண்டிலேயே கோபயாஷி இச்சிசோ என்பவர் ஒசாகா அருகே இருப்புப்பாதை போட்டு, பாதையோரத்து இக்கேடா என்னும் ஊரில் வீடுகள் கட்டித் தவணை முறையில் விற்றார். வண்டிக்கு ஆள் வேண்டும் என்பதற்காகவே ஊரை உண்டாக்கினார் எனலாம். டோக்கியோவுக்கு மேற்கே தாமா என்னும் புதுநகரில் 1971 முதல் இளந்தம்பதியர் குடியேறினர். தந்தையர் இருள் பிரியுமுன் வண்டி ஏறினர். பிள்ளைகள் வளர்ந்ததும் வேறிடம் சென்றனர். இன்று அந்நகரின் பெருங்கவலை முதுமை. மாடி ஏற இயலாத முதியோர் பலர் அங்கு வாழ்கின்றனர். நம் ஊர்களுக்கும் அந்நாள் வெகு தொலைவில் இல்லை.

உறங்க மட்டும் பயன்படும் ஊருக்கு நேரும் கேடு யாது? இனி, நாம் வண்டி ஏறிய அலுவலைச் சொல்ல வேண்டும். நம் பங்கைச் சேர்ந்த ஒரு சிற்றூரின் ஓரத்தில், சிமெண்டுக்காகச் சுண்ணாம்புக் கல் வெட்டி எடுத்த பின் கைவிடப்பட்ட பழங்குழி ஒன்று உள்ளது. மழைக்காலத்தில் அதில் நீர் நிறையும். பார்க்கப் பச்சை நிறத்தில் அழகாயிருக்கும். பள்ளி விட்டதும் சிறுவர்கள் அங்கு நீந்தச் செல்கின்றனர். ஒரு மாலை, ஒரு சிறுவன் மூழ்கிப் போகவிருந்தான். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த மூதாட்டி ஒருவர் தம் சேலைத் தலைப்பை வீசி அவனை இழுத்துக் காப்பாற்றினார். குழிக்கு வேலி கேட்டு மனு எழுத, மறுநாள் மாலை ஆறு மணிக்கு ஊராரைக் கூட்டினோம். வந்தவர்கள் பதினொருவர், ஒன்பது பேர் அறுபதைக் கடந்தவர்கள். பிழைத்த பிள்ளையின் தந்தையே வரவில்லை. அவர் எங்கே என்று கேட்டோம். "வண்டி இப்பத்தான் லால்குடி தாண்டியிருக்கும் சாமி" என்றாள் அவன் தாய்.

முதலில் நமக்குச் சினமே மூண்டது. ஊர்க் காரியத்திற்கு வராதவர்கள் என்று மனத்துள் குறைபட்டுக்கொண்டோம். இரவில் எண்ணிப் பார்த்தபோதே அது நம் பிழை எனத் தெரிந்தது. வர இயலாத நேரத்தில் கூட்டம் வைத்துவிட்டு, வரவில்லை என்று கடிந்துகொள்வது எவ்வகை நியாயம்? ஊரார் கூட்டத்திற்கு வர முடியாவிடில், கூட்டம் ஊராரிடம் செல்லட்டும் எனத் துணிந்தோம். அம்மனுவே அன்று நம் பையில் இருந்தது.

வண்டி புறப்பட்டதும் கணக்கரிடம் தாளைக் கொடுத்தோம். அவர் படித்துவிட்டு, தம் சட்டைப் பையிலிருந்த பேனாவால் கையொப்பமிட்டு, அடுத்தவரிடம் நீட்டினார். சீட்டாடிக்கொண்டிருந்த நால்வர் ஆட்டத்தை நிறுத்தினர். வேற்றூர்க்காரர்கள் கூட, "எங்க ஊருலயும் இப்படி ஒரு குழி கெடக்கு" என்று சொல்லிக் கையொப்பமிட்டனர். மருதையாற்றுப் பாலத்தை வண்டி தடதடவெனக் கடந்தபோது தாள் பெட்டியின் மறுகோடியில் இருந்தது. கல்லக்குடி போயிற்று, புள்ளம்பாடி போயிற்று. லால்குடியில் நம் கைக்கு மூன்று தாள்கள் நிறையத் திரும்பி வந்தது. பிழைத்த சிறுவனின் தந்தை அடுத்த பெட்டியில் இருந்திருக்கிறார். செய்தி கேட்டு ஸ்ரீரங்கத்தில் இறங்கி ஓடிவந்து நம் பெட்டியில் ஏறினார். ஒன்றும் பேசவில்லை. பேனாவை வாங்கித் தம் பெயரை எழுத்துக் கூட்டி, பெரிதாக, முழுமையாக எழுதினார்.

மனுவை உரிய இடத்தில் கொடுத்தாயிற்று. இதை எழுதும் இந்நாளில் வேலிக்கான கல்தூண்கள் வந்து இறங்கியுள்ளன; கம்பி இன்னும் வரவில்லை. அதுவரை ஞாயிறுதோறும் இளைஞர் சிலர் முள் வெட்டிக் குழியின் வாயிலை அடைத்து வருகின்றனர்.

பிழைப்பைத் தேடி வெளியூர் செல்வது குற்றமன்று. தூக்குச் சட்டியோடு இருளில் நடக்கும் அந்தக் கால்களே நம் குடும்பங்களைத் தாங்கி நிற்கின்றன. ஆயினும் ஓர் ஊர் எவருடையது என்று கேட்டால், அதற்காகப் பொறுப்பேற்பவருடையது என்றே நாம் விடை கூறுவோம். தம் கையால் நேராத தவற்றுக்கும் தாமே பொறுப்பு என்று ஓர் அமைச்சர் பதவி துறந்தது நம் மருதையாற்றின் பொருட்டே அன்றோ? அந்த ஆற்றைத்தான் நம்மவர் நாள்தோறும் இருமுறை கடக்கின்றனர்.

ஆகவே பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். வாரத்தில் ஒரு நாள், பிள்ளையின் கைபிடித்து உங்கள் ஊரை ஒருமுறை சுற்றி வாருங்கள். ஏரி எங்கே உடைந்திருக்கிறது, எந்தக் குழி திறந்து கிடக்கிறது, எந்த வீட்டு முதியவர் தனித்திருக்கிறார் என்று பாருங்கள். பங்குக் குருக்களாகிய நமக்கும் ஒரு பாடம் உண்டு: மணியை நாம் அடிக்கும் நேரம், மக்கள் வீட்டில் இருக்கும் நேரமாக இருக்கட்டும்.

அன்று மாலை அதே வண்டியில் திரும்பினோம். அரியலூரில் இறங்கும்போது மணி எட்டைத் தாண்டிவிட்டது, தூறல் விழுந்துகொண்டிருந்தது. நிலையத்து வாயிலில் குடையோடு ஒரு தாயும், அவள் தோளில் சாய்ந்தபடி தூக்கத்தை அடக்கிக்கொண்டு ஒரு சிறுவனும் நின்றிருந்தனர். குழியிலிருந்து பிழைத்த அதே சிறுவன்தான். அப்பா வரும்வரை உறங்க மாட்டேன் என்று அடம்பிடித்து வந்தானாம்.